மொட்டைமாடியில் பூண்டு மணக்கும் செடிகள்: வாங்குவது முதல் தட்டுக்கு வருவது வரை

பூவுக்காகவும் வளர்க்கலாம், இலையைக் கிள்ளிச் சாப்பிடவும் செய்யலாம் என்கிற செடிகளில் சென்னை வெயிலைத் தாங்குபவை அதிகம் இல்லை. பூண்டு வாசம் அடிக்கும் அப்படிப்பட்ட இரண்டு செடிகள் என் மாடியில் ஐந்து வருடமாக இருக்கின்றன. அக்கம்பக்கத்தில் பத்துப் பேருக்காவது பிரித்துக் கொடுத்திருப்பேன். பாதிப் பேர் முதல் மழைக்காலத்திலேயே அழுகவிட்டார்கள். ஒருவர் வேறு ஏதோ செடியின் இலையை நறுக்கித் தோசைமாவில் போடும் வரைக்கும் போய்விட்டார். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போங்கள். இரண்டாவது பகுதியைத் தாண்டிவிட்டு நேராகச் சமையலுக்கு மட்டும் போகாதீர்கள்.

1. எந்தச் செடி என்று முதலில் முடிவு செய்யுங்கள்

ஐரோப்பாவில் காட்டுக்குள் போய்க் கூடை கூடையாகப் பறிக்கும் காட்டுப் பூண்டை யூடியூபில் பார்த்துவிட்டு, அதன் விதையை ஆன்லைனில் வாங்குவதுதான் பலரின் முதல் செலவு. ராம்சன்ஸ் என்று அங்கே சொல்வார்கள். ஈரமும் நிழலும் உள்ள குளிர்நாட்டுக் காட்டுச் செடி அது. வருடத்தில் சில மாதம் மட்டும் இலை விட்டு, மீதி நாள் மண்ணுக்குள் கிழங்காகத் தூங்கும். விதை முளைக்கவே நீண்ட குளிர் பட வேண்டும். ஃப்ரிட்ஜில் வைத்து முளைக்க வைத்தாலும் சித்திரையைத் தாண்டாது. அந்த ஆசையை விட்டுவிடுங்கள்.

நமக்குச் சரிப்படுபவை இரண்டு.

முதலாவது துல்பாகியா. நர்சரிகளில் சொசைட்டி கார்லிக் என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள். தென்னாப்பிரிக்கச் செடி. ஒரு அடி உயரத்துக்கு ஒல்லியான பட்டை இலைகள்; அதற்கு மேலே நீண்ட காம்பில் இளம் ஊதாப் பூங்கொத்து. பெயரில் பூண்டு இருந்தாலும் பூண்டு, வெங்காயம் இருக்கும் அதே பேரினம் இல்லை, பங்காளி முறை. இலையும் பூவும் உண்ணக்கூடியவை.

இரண்டாவது கார்லிக் சைவ்ஸ். இது வெங்காயத்தின் சொந்த இனமே. தட்டையான இலை, நட்சத்திரம் போல வெள்ளைப் பூ. மணிப்பூர்க்காரர்கள் மரோய் நகுப்பி என்று தினமும் சமையலில் போடுவது இதைத்தான்.

அழகு வேண்டுமானால் துல்பாகியா, சமையல் வேண்டுமானால் கார்லிக் சைவ்ஸ். புதிதாகத் தொடங்குபவர் ஒன்றே ஒன்று வாங்குவதானால் கார்லிக் சைவ்ஸ் வாங்கச் சொல்வேன். வாசம் மென்மையாக இருக்கும், வீட்டில் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். துல்பாகியா பக்கத்தில் போய் இலை மேல் கை பட்டால் நாலடி தூரத்துக்கு நாறும். ஜன்னலுக்குக் கீழே வைத்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.

2. வாங்கும் இடத்திலேயே செடியைச் சோதியுங்கள்

இதுதான் முக்கியம், நீளமாகவே சொல்கிறேன்.

சென்னையில் எந்த மாடியிலும் ரெயின் லில்லி இருக்கும். மழை பெய்த மறுநாள் இளஞ்சிவப்பு, வெள்ளை, மஞ்சள் நிறத்தில் பூக்குமே, அதுதான். பூ இல்லாத நாளில் அதன் இலையும் கார்லிக் சைவ்ஸ் இலையும் பார்வைக்கு அக்கா தங்கை மாதிரி இருக்கும். ஆனால் ரெயின் லில்லியில் லைக்கோரின் என்ற நச்சுப் பொருள் உண்டு. சாப்பிட்டால் வாந்தி, வயிற்றுப்போக்கு. ஸ்பைடர் லில்லியும் அப்படித்தான். நிலசம்பங்கியின் இளம் கன்றும் தொட்டியில் இதே சாயலில் நிற்கும். அதுவும் தின்னும் செடி இல்லை.

என் எதிர்வீட்டு அண்ணன் ஒரு நர்சரியில் ‘கார்லிக் சைவ்ஸ்’ என்று எழுதி ஒட்டிய பையை வாங்கி வந்தார். பிடுங்கிப் பார்த்தாராம், அடியில் சின்ன வெங்காயம் போலக் கிழங்கு இருந்ததாம், சந்தேகமே இல்லை என்றார். அந்தக் கிழங்குதான் அவரை ஏமாற்றியது. பழுப்புத் தோல் போட்ட உருண்டைக் கிழங்கு ரெயின் லில்லிக்குத்தான் இருக்கும். கார்லிக் சைவ்ஸுக்கு அடியில் உருண்டை கிடையாது. கெட்டியான வேர்த்தண்டில் ஒல்லித் தண்டுகள் நெருக்கமாக ஒட்டிக்கொண்டு நிற்கும்.

சோதிக்கும் வரிசை இது.

முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஏன் என்றால், ஏற்கெனவே பூண்டுச் செடியைத் தொட்ட விரலில் அடுத்து எந்த இலையைக் கசக்கினாலும் பூண்டு வாசம்தான் வரும். அந்த அண்ணன் என் மாடியில் என் செடியைக் கிள்ளி முகர்ந்துவிட்டு, அதே விரலோடு வீட்டுக்குப் போய்த் தன் செடியைக் கசக்கி, ‘ஆமாம், அதே வாசம்’ என்று சொன்னவர். மாவில் போட்ட பிறகு வாசமே இல்லையே என்று என்னைக் கூப்பிட்டதால் பிழைத்தார்.

அடுத்து, ஒரு இலையைக் கிழித்து முகருங்கள். பூண்டு வாசம் இல்லையென்றால் பேச்சே வேண்டாம், அது வேறு செடி. வாசம் இருந்தாலும் அதோடு முடிந்துவிடாது. வாசல் கேட்டின் மேல் படர்ந்து ஊதாப் பூவாகப் பூத்துக் குலுங்கும் பூண்டுக்கொடியின் இலையும் இதே வாசம் அடிக்கும். அது மரத்தண்டு உள்ள கொடி, நம் செடிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நான் அதைச் சமையலில் சேர்ப்பதில்லை.

மூன்றாவது, பூவைப் பாருங்கள். ரெயின் லில்லியில் ஒரு காம்புக்கு ஒரே பூ. துல்பாகியா, கார்லிக் சைவ்ஸ் இரண்டிலும் ஒரே காம்பின் நுனியிலிருந்து குடைக்கம்பி விரிவது போலப் பல சின்னப் பூக்கள். நிலசம்பங்கியில் காம்பு நெடுக அடுக்கடுக்காகப் பூ இருக்கும். பூ வராத செடியாக இருந்தால், வாங்கி வைத்து ஒரு முறை பூக்கும் வரை சாப்பிடாமல் பொறுங்கள். அவசரம் ஒன்றும் இல்லையே.

3. நடுவதற்கு முன் இவை கையில் இருக்கட்டும்

பத்து முதல் பன்னிரண்டு அங்குல அகலமும் எட்டு அங்குல ஆழமும் உள்ள தொட்டி போதும். வேர் ஆழமாகப் போகாது, பக்கவாட்டில்தான் பெருகும். அதனால் உயரமான குரோ பேக்கைவிட அகலமான தொட்டி நல்லது. அடியில் நாலைந்து துளையாவது வேண்டும். துளைமேல் ஓட்டுச் சில்லு வையுங்கள்.

மண் கலவை: செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மண்புழு உரமோ நன்றாக மட்கிய சாண எருவோ ஒரு பங்கு. கூடவே ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. மாடித்தோட்டம் என்றாலே பாதிக்குப் பாதி கோகோபீட், அதாவது தேங்காய்நார்த் தூள், போடுகிறார்கள். கீரைக்குச் சரி, இதற்கு வேண்டாம். ஐப்பசி மழையில் கோகோபீட் பஞ்சு மாதிரி தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வேர்த்தண்டு கொழகொழவென்று அழுகும். கலவையைத் தொட்டியில் நிரப்பி ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுங்கள். மேலே குளம் கட்டி நின்றால் இன்னும் கொஞ்சம் மணல் சேருங்கள்.

4. நடவு

நல்ல காலம் தை, மாசி. வடகிழக்கு மழை முடிந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது. கத்திரிக்கு முன் வேர் பிடிக்க மூன்று மாதம் கிடைக்கும். ஆடிப்பட்டத்தில் நட்டாலும் வளரும். ஆனால் அடுத்து வரும் பெருமழைக்கு அது இன்னும் குழந்தையாகத்தான் இருக்கும்.

பிரித்த கன்றானால்: முந்தின நாள் இரவே தாய்ச்செடிக்குத் தண்ணீர் விடுங்கள், வேர் அறுபடாமல் வரும். மூன்று நான்கு தண்டுகள் சேர்ந்த கொத்தாகப் பிரியுங்கள். ஒற்றைத் தண்டாக நட்டால் நிற்க நாளாகும். இலையை நாலு அங்குலம் விட்டு வெட்டிவிடுங்கள். பார்க்கப் பாவமாக இருக்கும், ஆனால் அறுந்த வேரால் அவ்வளவு இலைக்கும் தண்ணீர் ஏற்ற முடியாது. வெள்ளைத் தண்டு முடிந்து பச்சை தொடங்கும் இடம் மண்மட்டத்தில் இருக்க வேண்டும். அதற்கும் கீழே புதைத்தால் நடுக்குருத்து அழுகும். சாயங்காலம் நட்டு, ஒரு வாரம் பத்து நாள் நிழலில் வையுங்கள்.

நர்சரிச் செடியானால் இன்னொரு வேலை இருக்கிறது. அலங்காரச் செடிக்கு அவர்கள் என்ன மருந்து அடித்தார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. யாராவது சாப்பிடப் போகிறார் என்று அவர்களும் நினைத்திருக்க மாட்டார்கள். வாங்கி வந்ததும் பழைய மண்ணை முடிந்தவரை உதறிவிட்டு நடுங்கள். இலைகளை இரண்டு அங்குலத்துக்கு வெட்டி எறியுங்கள். அடுத்து வரும் தழைவையும் ஒரு முறை வெட்டி எறியுங்கள். அதற்கப்புறம் வருவதுதான் உங்களுக்கு. இரண்டு மூன்று மாதம் ஆகும்.

விதையானால் கார்லிக் சைவ்ஸ் மட்டும். பாக்கெட்டில் தேதி பாருங்கள். வெங்காய இன விதைக்கு ஆயுசு குறைவு, ஒரு வருடம் தாண்டியதை வாங்காதீர்கள். கால் அங்குல ஆழத்தில் போட்டு, மார்கழிக் குளிரில் ஈரம் காயாமல் வைத்திருந்தால் இரண்டு மூன்று வாரத்தில் முளைக்கும். முளை நேராக வராது. கொண்டை ஊசி போல மடங்கி, வளைவு முதலில் வெளியே வரும், நுனி பிறகுதான் நிமிரும். இதைத் தெரிந்துகொள்ளாமல் புல் என்று நினைத்துப் பிடுங்கிப் போட்டவர்கள் உண்டு. ஊசி மாதிரி நிமிர்ந்து வந்தால் புல், மடங்கி வந்தால் உங்கள் செடி. விதைச் செடியில் ஆறு மாதம் கைவைக்காதீர்கள்.

5. தண்ணீர்

செடி சாவதற்குக் காரணம் கேட்டால் எல்லோரும் வெயில் என்பார்கள். நான் பார்த்த வரை தண்ணீர்தான். அதிகம் ஊற்றியது பாதி, உப்புத் தண்ணீர் ஊற்றியது பாதி.

விரலை இரண்டாவது கணு வரை மண்ணில் விடுங்கள். உள்ளே ஈரம் தட்டுப்பட்டால் ஊற்ற வேண்டாம். வெயில் காலத்தில் தினமும் காலையில் ஊற்ற வேண்டி வரும், தையில் மூன்று நாளைக்கு ஒரு முறை போதும். கணக்கு வைத்து ஊற்றாதீர்கள், விரலைக் கேளுங்கள்.

அப்புறம் உப்பு. கடலோரப் பகுதிகளில் பல வீடுகளில் போர் தண்ணீர் கரிக்கும். அதை மட்டுமே ஊற்றினால் இலை நுனி காய்ந்து பழுப்பாகும், மண்மேல் வெள்ளைப் பொருக்குக் கட்டும். நுனி காய்வதைப் பார்த்ததும் தண்ணீர் போதவில்லை என்று இன்னும் அதே தண்ணீரை ஊற்றுவார்கள். உப்பு இன்னும் ஏறும். இதைவிட மோசம், ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் கழிவு நீரை வீணாக்கக் கூடாதென்று செடிக்கு விடுவது. மெஷின் பிரித்தெடுத்த உப்பெல்லாம் அந்த வாளியில்தான் இருக்கிறது. அதைப் பாத்ரூம் கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.

ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீர் நல்லது, அதில் உப்பில்லை. என் வீட்டில் குழாய்க்கடியில் ஒரு பெயிண்ட் வாளி வைத்திருக்கிறேன். வெயில் காலத்தில், அதாவது செடிக்கு மிகவும் தேவைப்படும் நாளில், அதுவே நிரம்பிவிடுகிறது. போர் தண்ணீர் தவிர வேறு வழியில்லை என்றால் மாதம் ஒரு முறை நல்ல தண்ணீரை அடித்துளை வழியே தாராளமாக ஓடும் வரை ஊற்றுங்கள், சேர்ந்த உப்பு கரைந்து இறங்கும்.

6. கத்திரியும் கார்த்திகையும்

ஆறு மணி நேர வெயில் வேண்டும். நிழலில் வைத்தால் இலை நீண்டு துவண்டு கிடக்கும், பூ வராது. ஆனால் கத்திரி வெயிலில் பிற்பகலுக்கு மட்டும் ஷேட் நெட்டோ, சுவர் நிழலோ தேவை. செடியைச் சுடுவது மேலிருக்கும் சூரியன் மட்டுமில்லை, கீழே கொதிக்கும் தளமும்தான். தொட்டியை இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். வேருக்குச் சூடு ஏறாது, மழையில் துளையும் அடைபடாது.

மழைக்காலம் தொடங்கும்போது அடித்தட்டுகளை எடுத்துவிடுங்கள். புயல் மழை என்று அறிவித்தால் தொட்டியை மாடிப்படிக்கடியில் நகர்த்துங்கள், முடியாவிட்டால் ஒரு பக்கமாகச் சாய்த்தாவது வையுங்கள். நாற்பத்தெட்டு மணி நேரம் தண்ணீரில் நின்றால் நாற்றம் வந்துவிடும். பூண்டு நாற்றம் இல்லை, மற்றது.

உரம், மாதம் ஒரு கைப்பிடி மண்புழு உரம். மழை மாதங்களில் அதுவும் வேண்டாம்.

7. பூச்சி

வாசத்துக்குப் பயந்து பூச்சி வராது என்பார்கள். மாவுப்பூச்சிக்கு அது தெரியாது. இலை அடியில் வெள்ளைப் பஞ்சு தெரிந்தால் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். தீராவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலம் தெளியுங்கள். ஒரு வாரம் பறிக்காதீர்கள், கசக்கும். மழைக்காலத்தில் நத்தை வரும். இருட்டியதும் டார்ச் அடித்துப் பொறுக்குவதைவிட எனக்குச் சிறந்த வழி கிடைக்கவில்லை.

8. பறிப்பது

கத்தரிக்கோலால் மண்ணிலிருந்து இரண்டு அங்குலம் விட்டு வெட்டுங்கள். இழுத்துப் பிடுங்கினால் குருத்தோடு வரும். வெளிப்பக்க இலையிலிருந்து தொடங்கி ஒரு தடவைக்கு மூன்றில் ஒரு பங்கு. மூன்று நான்கு வாரம் விட்டு அடுத்தது.

ரெயின் லில்லித் தொட்டி பக்கத்தில் இருந்தால் இப்போதே தள்ளி வையுங்கள். அதன் விதை காற்றில் விழுந்து பக்கத்துத் தொட்டியில் முளைக்கும். என் கார்லிக் சைவ்ஸ் தொட்டிக்குள்ளேயே ஒரு வருடம் ஆறேழு நின்றன. பளபளப்பு கொஞ்சம் கூடுதல், மற்றபடி வித்தியாசமே தெரியவில்லை. அதனால் கொத்தாகப் பிடித்து அறுக்காதீர்கள். எந்தத் தண்டிலிருந்து வருகிறது என்று பார்த்துப் பார்த்து வெட்டுங்கள்.

9. சமையலறையில்

பூண்டு வாசம் இலைக்குள் தயாராக உட்கார்ந்திருப்பதில்லை. நறுக்கும்போது இலைக்குள் தனித்தனியாக இருந்த பொருளும் நொதியும் கலந்துதான் அந்த வாசம் பிறக்கிறது. சூடு பட்டால் நொதி செத்துவிடும். முழு இலையைக் கொதிக்கும் ரசத்தில் போட்டுவிட்டு மணமே இல்லை என்பவர்களுக்கு இதுதான் பதில். பொடியாக நறுக்கி ஐந்து நிமிடம் வைத்து, அடுப்பை அணைத்த பிறகு தூவுங்கள்.

முதல் தடவை இரண்டு மூன்று இலை மட்டும் சாப்பிட்டு, ஒரு நாள் பாருங்கள். ஒத்துக்கொண்டால் மேலே போகலாம்.

எங்கள் வீட்டில் அதிகம் செய்வது துவையல். ஒரு ஸ்பூன் உளுத்தம்பருப்பு, இரண்டு காய்ந்த மிளகாய் இரண்டையும் எண்ணெயில் சிவக்க வறுத்து ஆறவிடுங்கள். மூன்று ஸ்பூன் தேங்காய்த்துருவல், சுண்டைக்காய் அளவு புளி, உப்பு சேர்த்துக் கரகரப்பாக அரையுங்கள். கடைசியாக, நறுக்கிய இருபது கார்லிக் சைவ்ஸ் இலையைப் பச்சையாகவே போட்டு ஒரே சுற்று. முதலிலேயே போட்டு மைய அரைத்தால் காரல் ஏறும். துல்பாகியாவானால் பத்து இலை போதும், அதன் காரம் வேறு ரகம்.

முட்டைப் பொடிமாஸ் இறக்கும் நேரத்தில் தூவலாம், அடை வார்க்கும்போது மேலே தூவி அழுத்தலாம். துல்பாகியாப் பூவைக் காம்பு நீக்கித் தயிர்சாதத்தில் போடுங்கள். முதலில் லேசான இனிப்பு, பிறகு மிளகு போல ஒரு சுறுக்.

கிழங்கும் வேரும் வேண்டாம். துல்பாகியாவின் அடித்தண்டை மருந்து என்று சொல்லிக் கஷாயம் போடுபவர்கள் இருக்கிறார்கள். அளவு தெரியாத மருந்து வேலை அது, நாம் சாப்பாட்டோடு நிறுத்திக்கொள்வோம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வெங்காய இனம் நாய்க்கும் பூனைக்கும் ரத்த அணுக்களை அழிக்கும், தொட்டியை அவற்றுக்கு எட்டாமல் வையுங்கள்.

இன்னொன்று. வெங்காயம், பூண்டு சேர்க்காத வீட்டுக்கு இந்தத் துவையலைக் கொடுத்தனுப்பும் முன் சொல்லிவிடுங்கள். கீழ்வீட்டு மாமியிடம் ‘இது இலைதானே மாமி’ என்று நான் வாதாடிப் பார்த்தேன். கிண்ணம் அப்படியே திரும்பி வந்தது, கழுவாமல்.

10. இரண்டு வருடம் ஆனதும் பிரியுங்கள்

தொட்டி நெருங்கிவிட்டால் நடுவில் இலை மெலியும், பூ குறையும். தையில் முழுக் கொத்தையும் வெளியே எடுத்து, வேர் தெரியும் வரை தண்ணீரில் அலசுங்கள். அலசும்போதுதான் எல்லாம் வெளிச்சத்துக்கு வரும். தாறுமாறாக வளர்ந்த வேர்த்தண்டு, அழுகிய பகுதி, நடுவே ஒளிந்திருக்கும் பழுப்புத் தோல் உருண்டைக் கிழங்கு. உருண்டையைத் தனியே எடுத்துவிடுங்கள், அழுகலை வெட்டி எறியுங்கள். மீதியை நான்காம் பகுதியில் சொன்னது போல நடுங்கள்.

யாருக்காவது கன்று கொடுப்பதானாலும் இப்படி அலசியதையே கொடுங்கள், மண்ணோடு பெயர்த்துக் கொடுக்காதீர்கள். எதிர்வீட்டு அண்ணனுக்கு நான் கொடுத்தது ஐந்து தண்டு, ஈரத்துணியில் சுற்றி. வாங்கிய கையோடு உள்ளே போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து, என் கண்ணெதிரே ஒவ்வொரு தண்டாக முகர்ந்து பார்த்தார்.